சாப்பர்: மண்வெட்டியிலிருந்து வந்த பதவிப் பெயர்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. ‘பெரியப்பா சாப்பர்ல இருந்தார்’ என்று சொன்னால் இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. பாலம் போடுவார், பாதை வெட்டுவார், கண்ணிவெடி எடுப்பார், அவ்வளவுதானே! ஆனால் அந்தச் சொல்லுக்குள் பாலமும் இல்லை, வெடியும் இல்லை. இருப்பது ஒரு மண்வெட்டி.

இத்தாலிய மொழியில் ‘ஸாப்பா’ என்றால் மண்வெட்டி. அது பிரெஞ்சில் ‘சாப்’ ஆகி, கோட்டையை நோக்கி வெட்டிக்கொண்டு போகும் பதுங்குபள்ளத்தைக் குறித்தது. அதை வெட்டுகிறவர் சாப்பர். பள்ளத்தை நேராக வெட்டினால் மதில்மேல் இருக்கும் பீரங்கி ஒரே குண்டில் அந்த நீளம் முழுவதையும் துடைத்துவிடும். அதனால் கோணல்மாணலாக வெட்டுவார்கள். முன்னால் போகிறவர் பிரம்புக் கூடையை நிறுத்தி, தோண்டிய மண்ணை அதில் கொட்டி, அதன் மறைவிலேயே அடுத்த முழத்தைத் தோண்டுவார். மதிலை நெருங்கியதும் அடியில் சுரங்கம் குடைந்து வெடிமருந்து வைப்பவர் ‘மைனர்’. (சொத்தை அழிக்கும் ஊர் மைனர் வேறு!) வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் புரியும். தண்ணீர் நிற்கும் இடத்துக்குக் கீழே சுரங்கம் வெட்டினால் அது கிணறாகிவிடும்.

இந்திய இராணுவப் பொறியாளர் பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் பிறப்பும் நம் ஆற்காட்டுச் சண்டைகளோடு சேர்ந்ததுதான். 1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், செப்டம்பர் 30 அன்று சென்னையில் இரண்டு ‘கம்பெனிகள்’, அதாவது சிறு படைப்பிரிவுகள், திரட்டப்பட்டன. அப்போது அவற்றின் பெயர் ‘மெட்ராஸ் பயனியர்ஸ்’. பயனியர் என்றால் முதலில் காலாள் என்றுதான் அர்த்தம். ஆபீஸில் ஃபைல் தூக்கும் பியூனும் அதே வேரில் வந்தவர். 1831-இல் ‘சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று பெயர் மாறியது. 1834-இல் படை பெங்களூருக்குப் போனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. முள்வேலியைத் தகர்க்கக் குழாயில் வெடிமருந்து அடைத்து உள்ளே தள்ளும் ‘பெங்களூர் டார்பிடோ’ 1912-இல் அங்கே உருவானது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், தோழர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர்விட்ட சுபேதார் சுப்ரமணியன் இந்தப் படைக்காரர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. மற்ற படைகளில் மெட்ராஸ் சாப்பருக்கு ‘தம்பி’ என்று பெயர். இந்திக்காரரும் தம்பி என்றுதான் சொல்வார்.

சரி, ‘சாப்பர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டினால் சரிவராது. பழைய முற்றுகைக் கதை எழுதும்போது ‘அகழ்வீரர்’ பொருந்தும். அகழி என்ற சொல்லே அகழ்வதிலிருந்து வந்ததுதான். இன்றைய படைக்குப் ‘பொறியாளர் படை’ போதும். சிலர் எழுதும் ‘சுரங்கப் படை’ எனக்கு ஒப்பவில்லை, அது ஒரு வேலையை மட்டும்தான் சொல்கிறது. மைன் என்பதையும் தமிழ் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. குடைவது சுரங்கம், காலில் மாட்டுவது கண்ணிவெடி. ஆனால் பெயருக்கு முன்னால் வரும் ‘சாப்பர்’ ஒரு பதவி, காலாட்படையில் சிப்பாய் மாதிரி. பென்ஷன் புத்தகத்தில் இருப்பதை மொழிபெயர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், அப்படியே விட்டுவிடலாம்.

பல நூறு பேர் கொண்ட படைப்பிரிவான பட்டாலியனுக்கும் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். அந்தச் சொல் எப்போதோ ‘பட்டாளம்’ ஆகி நம் வாயில் படிந்துவிட்டது. அளவைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘படையணி’ என்று எழுதலாம். இந்தியப் பொறியாளர் படையில் அந்த அளவுள்ள பிரிவை ‘ரெஜிமென்ட்’ என்றுதான் அழைக்கிறார்கள் என்பதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.