மாலையைக் கழற்றியதும் பீடி ஏன் கூப்பிடுகிறது?

புளியரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா லாரி டிரைவர். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு, மலை தாண்டிப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போய் வருகிறவர். கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாளும் பீடியைத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய பிறகு ஏற்றுகிற முதல் லோடிலேயே, மலைவழியில் கேரளப் பக்கம் இருக்கும் ஆரியங்காவு டீக்கடையில் பற்றவைத்துவிடுகிறாராம். "அப்பாவுக்காக ஒரு செயலி செய்கிறேன். விட்டு எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு காசு மிச்சம் என்று காட்டினால் போதுமா சார்?" என்று கேட்கிறார்.

போதாது தம்பி.

நிகோடின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இழுத்த பத்து இருபது விநாடிகளில் மூளைக்குப் போய், அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருள் உட்கார வேண்டிய ஏற்பிகளில் (நரம்புச் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில்) உட்கார்ந்து, 'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. தொடர்ந்து பிடித்தால் ஏற்பிகள் பெருகும். நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு. இது முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 41 நாள் முடித்தவரின் உடம்பு பீடி கேட்கவில்லை. பிறகு எது கேட்கிறது?

ஆரியங்காவு கேட்கிறது. வளைவுகளில் ஏறி, இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து இறங்கும்போதே கை சட்டைப்பையைத் தடவும். கட்டன் சாயா கிளாசின் சூடு, டீசல் நெடி, பக்கத்தில் இன்னொரு டிரைவர் தீக்குச்சி உரசும் சத்தம். பல வருடங்களாக இவையெல்லாம் பீடிக்கு முன்னால் அடித்த மணிகள்.

மணி என்றதும் பாவ்லோவ் நினைவுக்கு வருவார். நாய்க்கு மணியடித்துச் சோறு வைத்தார், பிறகு மணிக்கே எச்சில் ஊறியது என்பதோடு பள்ளிப் பாடம் முடிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. சோறு வைக்காமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால் கொஞ்ச காலம் விட்டு மறுபடி அடித்தால், மறுபடி ஊறும். போய்விட்டது என்று நினைத்த பாடம் உள்ளேயே இருந்திருக்கிறது.

1979-ல் அமெரிக்காவில் மார்க் பூட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற உளவியலாளர்கள் எலிகளை வைத்து இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஒரு கூண்டில் சத்தத்தோடு மின்னதிர்ச்சி கொடுத்து, சத்தத்துக்கே பயப்படப் பழக்கினார்கள். வேறு மாதிரியான கூண்டில், அதிர்ச்சி இல்லாமல் சத்தத்தை மட்டும் கேட்கவைத்துப் பயத்தைப் போக்கினார்கள். திரும்பப் பழைய கூண்டில் விட்டதும் பயம் வந்துவிட்டது! மூளை பழைய பாடத்தை ரப்பர் வைத்து அழிப்பதில்லை. பக்கத்திலேயே "இங்கே அப்படி இல்லை" என்று இன்னொன்றை எழுதிக்கொள்கிறது. முதல் பாடம் போகிற ஊருக்கெல்லாம் கூட வரும். இரண்டாவது, படித்த இடத்தை விட்டு லேசில் நகராது. எங்கே இருக்கிறோம் என்பதை மூளையில் இடத்தையும் நினைவையும் கவனிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சொல்ல, அதைக் கேட்டுத்தான் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி பழைய ஆசையை அடக்குகிறது. இதைப் படித்த நாளிலிருந்து, விட்ட பழக்கத்துக்குத் திரும்பியவர்களைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

அந்த மாலையைப் பாருங்கள். கறுப்பு வேட்டி, விடியற்காலைக் குளியல், எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுவது, கடைக்காரர் தீப்பெட்டியை நீட்டாதது. அந்த 41 நாளும் அவர் இருப்பது வேறோர் இடம். மாலையைக் கழற்றியதும் பழைய உடுப்பு, பழைய பெஞ்சு, மறுபடி "அண்ணாச்சி". அவருக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் ஏசுவது அநியாயம். அதைவிட அநியாயம், தெரியாமல் காபியில் கலந்து கொடுத்தால் பழக்கம் மறந்துபோகும் என்று விற்கிற பொடிகள். அவற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம், செயலி. நிறுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு பீடிக்கும் அப்பா ஒரு பொத்தானை அழுத்தட்டும். எந்த இடம், எத்தனை மணி என்று போன் குறித்துக்கொள்ளும். மலையில் சிக்னல் போய்விட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், அதனால் எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு ஆரியங்காவு வருவதற்கு முன்னாலேயே செயலி குரல் கொடுத்து நினைவூட்ட வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது, எனவே குரல் மட்டும். அந்தக் குரலுக்கு முன் வரும் சிறு ஒலி, வீட்டில் பீடி இல்லாமல் பழகும்போது ஒலித்த அதே ஒலியாக இருக்கட்டும். பாடம் படித்த இடத்தின் அடையாளம் ஒன்றைப் புது இடத்துக்குக் கொண்டுபோனால் பழைய ஆசை திரும்புவது குறைகிறது என்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மாலையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். போன் பையிலேயே இருக்கும்.

நாள் கணக்கு காட்டுங்கள், ஆனால் ஒரு பீடி பிடித்ததும் அதைச் சுழியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 'எல்லாம் போச்சு' என்ற நினைப்புத்தான் ஒன்றை ஒரு கட்டாக்குகிறது.

வெறும் குறுஞ்செய்தியே உதவுகிறது. பிரிட்டனில் 5,800 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. ஆறு மாதம் புகைக்காமல் இருந்தவர்கள், ஊக்கச் செய்தி பெற்றவர்களில் 10.7 சதவீதம், மற்றவர்களில் 4.9. நம் நாட்டில் சிகரெட் பிடிப்பவர்களைவிடப் பீடி பிடிப்பவர்கள் அதிகம். நம் டிரைவர்களுக்கு, நம் மொழியில், இதே அளவு ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் செயலியில் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

அந்த டீக்கடையைத் தவிர்த்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் சில வாரம் தவிர்க்கட்டும், அதைத் தாண்டி வரும் கழுதுருட்டியில் நிறுத்தட்டும். பிறகு ஆரியங்காவுக்கே போக வேண்டும். கூட நீங்களும் போங்கள். அதே பெஞ்சு, அதே நேரம், ஒரு கட்டன் சாயா, பீடி இல்லாமல். பத்து டிரிப்பாவது ஆகும். ஜூனில் சாரல் பிடித்ததும் இன்னொரு தடவை போய் வாருங்கள். மழையில் நனைந்த ஆரியங்காவு அவர் மூளைக்கு வேறு ஊர்.