ஐந்து மணி மைதானமும் பிள்ளையின் உடல் கடிகாரமும்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்கு 13 வயது. ஓட்டப் பந்தயத்தில் குறுவட்டப் போட்டியைத் தாண்டிவிட்டான், அடுத்தது மாவட்டம். காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும் என்பது பயிற்சியாளரின் கட்டளை. டியூஷன் முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பதினொன்று. “சீக்கிரம் எழுப்பிப் பழக்கினால் ராத்திரி தானாகச் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும் என்கிறார் அவனுடைய அப்பத்தா. இரண்டு மாதமாக எழுப்புகிறேன். ராத்திரித் தூக்கம் முன்னால் வந்த பாடில்லை, வகுப்பில்தான் தூங்குகிறான். விடுமுறை என்றால் எட்டு மணிக்குத்தான் கண் திறக்கிறான். பயிற்சியை நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

நிறுத்த வேண்டாம். அப்பத்தா சொன்னதில் பாதி சரி. மறுபாதி ஏன் பலிக்கவில்லை என்று சொல்லப் போனால், உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் செட்டிநாட்டுச் செம்மண் மைதானம் எட்டு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். பகலைப் பள்ளி எடுத்துக்கொள்கிறது, மாலையை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. விளையாட்டுக்கு மிஞ்சுவது விடியலுக்கு முந்தைய இருட்டுதான்.

முதலில் கணக்கு. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் பரிந்துரைத்தது. நம் பையனுக்குக் கிடைப்பது ஐந்தரை. ஆஸ்திரேலியாவின் தேர்ந்த நீச்சல் வீரர்களை ஒரு பயிற்சி முகாமில் கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், காலை ஆறு மணிப் பயிற்சிக்கு முந்தைய இரவுகளில் அவர்கள் தூங்கியது சராசரியாக 5.4 மணி நேரம். ஓய்வு நாளுக்கு முந்தைய இரவில் 7.1 மணி நேரம். ஒலிம்பிக் கனவோடு இருந்தவர்கள் அவர்கள். சீக்கிரம் படுத்தும் அவர்களுக்கே தூக்கம் முன்னால் வரவில்லை. அதே ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டு வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 1.7 மடங்காக இருந்தது.

நான்கரைக்கு எழுப்பும்போது எந்தத் தூக்கத்தை வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில் வந்துவிடும். வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலையும் அதனோடு சேர்ந்தே வரும். இரவு பத்திலிருந்து இரண்டு வரைதான் அது சுரக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். அது சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பிள்ளை தூங்கிவிட்டானா என்றே பார்க்கிறது. வெட்டுப்படுவது கடைசி இரண்டு மூன்று மணி நேரம். கனவுத் தூக்கம் அதிகமாக இருப்பது அங்கேதான். உடல் புதிதாகக் கற்ற அசைவைக் கைவரச் செய்யும் வேலையும் அங்கே நடக்கிறது. தூக்க ஆராய்ச்சியாளர் மேத்யூ வாக்கரும் அவருடைய சகாக்களும் 2002இல் விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழக்கி, ஓர் இரவுத் தூக்கத்துக்குப் பிறகு வேகம் சுமார் 20 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். அந்த முன்னேற்றம் இரவின் கடைசிப் பகுதியில் வரும் இரண்டாம் நிலை என்ற, கனவுத் தூக்கம் அல்லாத, லேசான தூக்கத்தின் அளவோடு ஒத்துப்போனது. அதிகாலையில் தொடர் ஓட்டத்துக்குக் கோல் மாற்றப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் உடம்பில் ஏறும் நேரத்தையே பயிற்சிக்காகப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இனி அப்பத்தாவின் பாதி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்க அழுத்தம் ஏறும். நான்கரைக்கு எழுந்தவனுக்கு எட்டுக்கு எழுந்தவனைவிட இரவில் அழுத்தம் அதிகம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் 1982இல் தூக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் போர்பேலி சொன்னபடி தூக்கத்தை நடத்துவது இரண்டு பேர். அழுத்தம் ஒருவர், உடல் கடிகாரம் மற்றவர். பருவமடையும் வயதில் அழுத்தம் ஏறும் வேகமும் குறைகிறது, கடிகாரமும் பின்னால் நகர்கிறது என்று மேரி கார்ஸ்கடனின் நெடுநாள் ஆய்வுகள் காட்டின. பத்து வயதில் ஒன்பதுக்குச் சாய்ந்த பிள்ளை பதின்மூன்றில் பதினொன்றுக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது திமிரினால் அல்ல.

அந்தக் கடிகாரம் மூளையின் அடியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு கொத்து. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ‘பீரியட்’ என்ற மரபணு பகலில் புரதத்தைத் தயாரிக்கிறது. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் உட்கருவுக்குள் திரும்பிப் போய், தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடைத்துவிடுகிறது. இரவெல்லாம் புரதம் சிதைந்து குறைகிறது. போதிய அளவு குறைந்ததும் அடைப்பு விலகுகிறது, விடியலை ஒட்டி மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. ஈக்களில் இந்தச் சுற்றை அவிழ்த்துக் காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. மனிதருக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் அளந்தார்கள். அப்படியே விட்டால் தினமும் கொஞ்சம் பிந்திக்கொண்டே போகும். இதைப் பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் அமைத்த தனியறையில் ஆட்கள் கடிகாரமும் சூரியனும் இல்லாமல் நாட்கணக்கில் தங்கி, தங்கள் உடல் சொன்ன நேரத்துக்கு உண்டு உறங்கினார்கள். அவருடைய குழு மதுரைக்கு அருகே குகை வௌவால்களையும் ஆராய்ந்தது. குகை இருட்டில் கூண்டில் அடைத்து வைத்த வௌவால், வெளியே போய்வரும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தை வைத்தே நேரத்தைச் சரியாகக் காத்ததாம்!

மனிதருக்கு அந்தப் பதினொரு நிமிடத்தைத் தினமும் திருத்துவது வெளிச்சம். அதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் உண்டு. அவை உருவம் எதையும் காட்டுவதில்லை, வெளிச்சத்தின் அளவை மட்டும் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமியை 1998இல் முதலில் கண்டெடுத்தது தவளைத் தோலிலிருந்து. நீல வெளிச்சத்துக்கு அது அதிகம் அசையும்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. அதே விளக்கு, அதே கண், அதே செல். இரவு பத்து மணிக்கு வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னால் போகிறது, காலை ஏழு மணிக்குப் பட்டால் முன்னால் வருகிறது. எப்படி? வெளிச்சம் செய்வது ஒரே வேலை: ‘பீரியட்’ மரபணுவைத் தட்டி எழுப்புவது. முன்னிரவில் புரதம் குறைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் மரபணுவைத் தட்டினால் கொஞ்சம் புதுப் புரதம் சேர்ந்து, குறைய வேண்டியது குறையத் தாமதமாகும். முழுச் சுற்றும் பிந்திவிடும். பின்னிரவு முடியும் நேரத்தில் மரபணு தானே எழப் போகிறது. அப்போது தட்டினால் சற்று முன்பே எழுந்துவிடும். முழுச் சுற்றும் முந்திவிடும். கூடத்து ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான்: நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் தடை, விலகிப் போகும்போது தள்ளினால் வேகம். கை ஒன்றே, தள்ளும் நேரம்தான் வேறு. திசை காட்டத் தனி உறுப்பு எதுவும் இல்லாமல், ஒரே புரதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே இரண்டு திசைகளிலும் திருத்தம் செய்துகொள்கிறது கடிகாரம். எத்தனை முறை படித்தாலும் இது எனக்கு அலுப்பதில்லை.

பின்னால் போவதும் முன்னால் வருவதும் பிரியும் எல்லை எது? உடல் வெப்பநிலை மிகக் குறைந்திருக்கும் நேரம். எழுப்பாமல் விட்டால் நாம் விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு, மூன்று மணி நேரம் முந்தையது அது. விடுமுறையில் எட்டு மணிக்கு விழிக்கும் பையனுக்கு எல்லை ஐந்து, ஆறு மணிவாக்கில் இருக்கும். அவனைக் கொண்டுபோய் ஐந்து மணிக்கு உயர்கோபுர விளக்கின் கீழ் நிறுத்தினால், அந்த வெளிச்சம் அவன் கடிகாரத்துக்கு இன்னும் முன்னிரவு வெளிச்சம்தான். கடிகாரம் அசையாமல் இருக்கலாம், இன்னும் பின்னாலும் போகலாம். எழுப்பி எழுப்பியும் பழகாமல் போனது இதனால்தான்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கு முன் சூரியன் உதிப்பதே இல்லை. தை மாதத்தில் ஆறரையும் தாண்டும். ஐந்து மணிப் பயிற்சி இங்கே எந்த மாதத்திலும் இருட்டுப் பயிற்சிதான். சூரியன் ஏறிய பின் திறந்த வெளியில் 10,000 லக்ஸும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலும் வெளிச்சம் கிடைக்கும். வீட்டு ட்யூப்லைட்டின் கீழ் சில நூறு லக்ஸ் கிடைத்தாலே பெரிது. ஆனால் இரவில் அந்தச் சில நூறே பிள்ளைகளுக்குப் போதும். மாலை வெளிச்சத்தில் அவர்களின் மெலடோனின், அதாவது இரவானதை உடலுக்குச் சொல்லும் ஹார்மோன், பெரியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அடங்கிப்போவதாக ஜப்பானிய ஆய்வு ஒன்று 2014இல் சொன்னது.

‘பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால் மூளைக்கு நல்லது’ என்பவர்களும் உண்டு. எழுந்தவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. மண்ணெண்ணெய் விளக்கை எட்டு மணிக்கு அணைத்துப் படுத்த வீட்டில் நான்கு மணிக்கு எழுவது இயல்பு. அந்தக் காலத்து விழிப்பை வைத்துக்கொண்டு இந்தக் காலத்துத் தூக்க நேரத்தை அதனோடு ஒட்டினால், சாஸ்திரமும் கெடும், பிள்ளையும் கெடும்.

இன்னொரு ஆதங்கம். மைதானத்துக்கு விளக்குக் கோபுரம் போட நிதி வருகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. அந்த விளக்கின் கீழ் ஓடும் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று அளக்க யாருக்கும் நிதி இல்லை. மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி ஒன்று போதும், பெரிய செலவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். 1953இல் அது திறக்கப்பட்டது. அதே ஊரில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் காலை மைதானங்கள் இருக்கின்றன. மதுரையில் தொடங்கிய உடல் கடிகார ஆராய்ச்சி இந்தப் பிள்ளைகளிடம் வந்து சேர ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை பயிற்சியாளரிடம் பேசுவது. ஐந்தை ஆறேகாலாக மாற்றினாலே ஒரு மணி நேரத் தூக்கம் மிஞ்சும், பயிற்சியின் பாதி வெயில் வெளிச்சத்தில் நடக்கும், கடிகாரமும் முன்னால் வரும். கோடையில் அது முடியாதென்றால் வாரத்தில் மூன்று நாள் காலை, மற்ற நாள் மாலை. உடல் வெப்பநிலை உச்சத்தில் இருக்கும் பிற்பகலிலும் மாலையிலும்தான் தசை நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பயிற்சியாளர்களே ஒப்புக்கொள்வார்கள். அதிகாலையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், உடம்பைச் சூடேற்றும் பயிற்சியை வழக்கத்தைவிடக் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது விளக்கை. எட்டரைக்கு மேல் கூடத்துப் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மங்கிய மஞ்சள் விளக்கொன்று போதும். செல்பேசி அப்பத்தாவின் தலையணைக்கடியில் இருக்கட்டும். அவரிடமிருந்து அதை வாங்குவது லேசல்ல. டியூஷனை வாரத்தில் இரண்டு நாள் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்ற பதில்தான் எல்லா வீட்டிலும் வருகிறது, ஆனாலும் கேட்கிறேன். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் முன்னால் இழுக்க வேண்டாம்; தூக்கம் வராமல் புரள்வான். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் இழுத்தால் போதும். மாலை காபி வேண்டாம். அடினோசின் உட்கார வேண்டிய இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்ளும், அதில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு வரை தூங்கவிட்டால் வாரம் முழுக்க முன்னால் இழுத்தது பின்னால் போய்விடும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், பிறகு முற்றத்து வெயிலில் உட்கார வையுங்கள். மிச்சக் கடனை மதியம் சாப்பிட்ட பின் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்து அரை மணி நேரம் தூங்கித் தீர்த்துக்கொள்ளலாம். மூன்று மணிக்குள் எழுப்பிவிடுங்கள்.