தேடுதல் வேட்டை – சொல் விளக்கம்

வீரப்பன் காலத்தில் தர்மபுரிச் செய்திகளில் ஓயாமல் அடிபட்ட சொல் 'கூம்பிங் ஆபரேஷன்'. தலைமறைவானவரைப் பிடிக்கப் படையினர் வரிசையாகப் பரவி, காட்டையோ ஊரையோ ஓரிடம் விடாமல் துழாவிச் செல்வதை இது குறிக்கும். ஆங்கிலத்தில் சீப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தலையை வாரும்போது பேன் தப்பாதது போல ஆளும் தப்பக்கூடாது என்பது கருத்து.

தமிழ் நாளிதழ்கள் இதைத் 'தேடுதல் வேட்டை' ஆக்கின. வேட்டை பழஞ்சொல், சங்கப் பாடல்களில் 'வேட்டம்' என வரும், பரதவர் கடலில் மீன் பிடிப்பதற்கும் அதுவே பெயர். எங்கும் அது இரையைக் கொண்டுவரும் தொழில். அதனால்தான் இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. தேடப்படுபவர் இரையல்லர், அவர் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் ஊரும் வேட்டைக்காடு அல்ல.

அரூர் வட்டம் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தேடல் என்ற பெயரில் நடந்தது வேட்டையேதான்.

வீரப்பனின் முடிவோ வேறு வகை. ஆண்டுக்கணக்காகக் காட்டைச் சலித்த அதிரடிப்படை, 2004 அக்டோபர் 18 அன்று, ரகசிய ஆட்களை வைத்து அவரை ஆம்புலன்சில் ஏற்றி வெளியே வரவழைத்து, பாப்பாரப்பட்டி அருகே சுட்டது. அது 'கூம்பிங்' ஆகாது. 'பொறிவைத்தல்' என்றால் பொருந்தும்.

சரியான தமிழ் நம் பேச்சிலேயே இருக்கிறது: 'சல்லடை போட்டுத் தேடுதல்'. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'சல்லடைத் தேடல்'. வெளியேறும் வழிகளை முதலில் அடைத்துவிட்டுத் தேடினால் 'சுற்றிவளைப்பு'. ஈழத் தமிழில் நன்கு வழங்கும் சொல். அலுவல் குறிப்புக்குத் 'தேடுதல் பணி' போதும்.

கூடவே வரும் 'தேடப்படும் குற்றவாளி' என்பதையும் திருத்த வேண்டும். தீர்ப்பு வரும்வரை அவர் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்'. வழக்கே பதியாத நிலையில் வெறும் 'சந்தேக நபர்'.