சிவில் சமூகமா, குடிமைச் சமூகமா?

அரசாங்கம் அல்ல, கட்சி அல்ல, லாபம் பார்க்கும் கம்பெனியும் அல்ல. ஆனாலும் பொது விஷயங்களில் கூடிப் பேசி, கேள்வி கேட்டு, வேண்டிய இடத்தில் தலையிடும் மக்கள். பத்திரிகையாளர் சங்கம், சட்ட உதவி மையம், தொழிற்சங்கம், வாசகர் வட்டம், ஏரியைக் காக்கும் ஊர்க்குழு எல்லாம் இதில் அடக்கம். ‘சிவில் சொசைட்டி’ என்று இன்று சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கு இந்தப் பொருள் இல்லை. அரிஸ்டாட்டில் ‘கொய்னோனியா பொலிட்டிகே’ என்றார். நகர அரசாகக் கூடி வாழும் மக்கள் என்பது பொருள். லத்தீனில் அது ‘சொசியேட்டாஸ் சிவிலிஸ்’ ஆனது. ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் கூட சிவில் சமூகம், அரசியல் சமூகம் இரண்டையும் ஒன்றாகவே எழுதினார். 1821-இல் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல்தான் அதைக் குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையிலுள்ள தளம் என்று பிரித்துவைத்தார். 1970, 80-களில் போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்தவர்கள் இதைக் கையில் எடுத்தபிறகு, அரசுக்கு எதிரே நிற்கும் மக்கள் என்ற சாயல் ஏறிக்கொண்டது. அரசு என்றே பொருள்பட்ட சொல் அரசுக்கு வெளியே வந்துவிட்டது.

இந்தச் சொல்லைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவருவதில் இந்தோனேசியர்கள் பட்ட பாடு நமக்கு நல்ல பாடம். 32 ஆண்டுகள் ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21 அன்று பதவி விலகினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான் டெம்போ, எடிட்டர், டெட்டிக் என்ற மூன்று வார இதழ்கள் தடை செய்யப்பட்டிருந்தன. சுகார்த்தோ போன மறு ஆண்டு வந்த பத்திரிகைச் சட்டம், இதழ் நடத்த அரசிடம் உரிமம் வாங்கும் முறையையே ஒழித்தது. அதே ஆண்டில் அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித் தகவல் அமைச்சகத்தைக் கலைத்தார். சீனப் பண்பாட்டைப் பொதுவெளியில் காட்டக் கூடாதென்ற 1967-ஆம் ஆண்டு ஆணையை 2000-இல் நீக்கினார். சிங்க நடனம் தெருவுக்குத் திரும்பியது. இப்படிப் பத்திரிகையும் பண்பாடும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டபோது, இதையெல்லாம் பேசுகிற மக்கள் கூட்டத்தை என்ன சொல்லி அழைப்பது?

ஒரு சாரார் ‘மஷராகாத் சிபில்’ என்றார்கள். ‘மஷராகாத்’ என்றால் சமூகம். அங்கே ‘சிபில்’ என்றதும் காதில் விழுவது ‘ராணுவம் அல்லாத’ என்பது. நாட்டைக் காப்பதோடு ஆட்சி அரசியலிலும் தனக்குப் பங்கு உண்டு என்று ராணுவம் சொல்லிவந்த நாடு அது. அந்தக் கொள்கைக்கு ‘த்விஃபுங்சி’, அதாவது இரட்டைப் பணி என்று பெயர். ராணுவம் பாசறைக்குத் திரும்ப வேண்டும் என்று கோஷம் போட்ட மாணவர்களுக்கு இந்தச் சொல் வாகாக அமைந்தது.

இன்னொரு சாரார் ‘மஷராகாத் மதானி’ என்றார்கள். அன்று மலேசியத் துணைப் பிரதமராக இருந்த அன்வார் இப்ராஹிம் 1995-இல் ஜகார்த்தாவில் பேசியபோது இதைப் பரப்பினார். மதீனா நகரத்தோடும் நாகரிகத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லோடும் உறவுடைய சொல். இது இஸ்லாமியச் சாயலுள்ள சொல்லாயிற்றே, மற்ற சமயத்தார் எங்கே நிற்பது என்று கேட்டவர்களும் உண்டு. மலேசியத் தமிழர்களுக்கு இது பழகிய சொல்தான். அன்வார் பிரதமரானபின் 2023-இல் ‘மலேசியா மடானி’ என்ற முழக்கத்தை வைத்தார். ‘மடானி அரசாங்கம்’ என்று அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் தினமும் பார்க்கலாம். அரசுக்கு வெளியே நிற்பவர்களைக் குறித்த சொல் அரசின் பெயராகவே ஆகிவிட்டது என்பதை நான் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்க்கிறேன்.

மூன்றாவது, ‘மஷராகாத் வர்கா’. ‘வர்கா’ என்றால் உறுப்பினர். நம் ‘வர்க்கம்’ வந்த அதே வடமொழி வேர். குடிமகனுக்கு அங்கே ‘வர்கா நெகரா’ என்று பெயர். ‘நெகரா’ நம் நகரத்தின் உறவு. ‘மஷராகாத்’ அரபு வழி வந்தது, பங்கேற்பு என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது.

சுகார்த்தோ காலத்தில் ‘அரசு சாரா அமைப்பு’ என்று நேர்பொருள் தரும் பெயரைச் சொல்லவே தயங்கினார்கள். ‘சாரா’ என்றால் ‘எதிர்’ என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலை. அதனால் ‘மக்கள் தற்சார்பு நிறுவனம்’ என்று பொருள்படும் எல்.எஸ்.எம். என்ற சுருக்கப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. நாம் ‘தன்னார்வத் தொண்டு நிறுவனம்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே போல அடக்கமான பெயர்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் ‘சிவில்’ ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வேஷம் போடுகிறது. நீதிமன்றத்தில் ‘உரிமையியல்’, அரசுப் பணியில் ‘குடிமைப் பணி’, ரேஷனில் ‘குடிமைப் பொருள் வழங்கல்’, போரில் ‘உள்நாட்டுப் போர்’. இலங்கையில் ‘சிவில் சமூகம்’ ஊன்றிவிட்டது. அதை மாற்றச் சொல்வதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் ‘குடிமைச் சமூகம்’, ‘குடிசார் சமூகம்’ இரண்டையும் எழுதுகிறார்கள்.

‘குடிமை’ மீது ஒரு பழைய வழக்கு உண்டு. திருக்குறளில் ‘குடிமை’ என்ற 96-ஆம் அதிகாரம் பேசுவது நற்குடிப் பிறப்பின் பெருமையை. ‘குடி’ என்பதும் குடும்பத்தை, குலத்தை, மன்னன் கீழ் வாழும் மக்களைக் குறித்த சொல். பிறப்பால் வருவதைச் சொன்ன சொல்லை, பிறப்பு பார்க்காத உரிமைக்கு வைக்கலாமா? வைக்கலாம் என்பதே என் கட்சி. ரேஷன் கடைக்குப் போகிற யாரும் ‘குடிமைப் பொருள்’ என்பதைக் குலப்பொருள் என்று படிப்பதில்லை. சொல் ஏற்கெனவே இடம் மாறிவிட்டது.

உண்மையான சிக்கல் ‘சமூகம்’. நம் ஊரில் ‘எங்கள் சமூகம்’ என்றால் பல நேரம் சாதி என்றுதான் பொருள். அப்படியிருக்க ‘சமூக அமைப்புகள் கண்டனம்’ என்று தலைப்புப் போட்டால் யாரைச் சொல்கிறார்கள் என்று வாசகர் குழம்பத்தான் செய்வார். முன்னால் ‘குடிமை’ நிற்பது அதனாலும் அவசியம்.

எழுதும்போது இன்னொன்று: தனி அமைப்பு ஒன்றைக் ‘குடிமைச் சமூகம்’ என்று எழுதக் கூடாது. அது ‘குடிமை அமைப்பு’. அதில் இயங்குபவர்கள் ‘குடிமை அமைப்பினர்’. கட்சி, அரசு, வணிகம் நீங்கலாக இப்படி இயங்கும் அனைவரும் சேர்ந்த வெளிக்குத்தான் ‘குடிமைச் சமூகம்’ என்று பெயர்.