வீட்டு டிவியில் தெரியும் கோப்புகள் வேறு யாருக்கெல்லாம் தெரிகின்றன?

வீடுகளுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் என்னிடம், ஒரே இடத்தில் சேமித்த படங்களையும் பாடல்களையும் குடும்ப வீடியோக்களையும் கூடத்து டிவி, டேப்லெட், கைப்பேசி என எல்லாவற்றிலும் பார்க்க வழி செய்து தருமாறு பலர் கேட்கிறார்கள். அவற்றை யார் பார்க்கக் கூடாது என்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில், மாடியில் குடியிருப்பவர் தயங்கித் தயங்கி உரிமையாளரிடம் வந்து, "சார், உங்க வீட்டு போட்டோ எல்லாம் எங்க டிவியில வருது" என்று சொல்லியிருக்கிறார். இரு வீட்டாருக்கும் ஒரே வைஃபை. ரூட்டரில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க் முழுவதும் பகிரப்பட்டிருந்ததால், வளைகாப்புப் படங்களோடு ஆதார், பான் அட்டைகளின் ஸ்கேன் படங்களும் மாடிக்குப் போயிருந்தன.

இதில் யாருடைய ஊடுருவலும் இல்லை. சோனி, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் 2003-இல் தொடங்கிய கூட்டு முயற்சியில் உருவான டிஎல்என்ஏ என்ற, வீட்டுக் கருவிகளுக்கிடையே படம், பாடல்களைப் பகிரும் முறை அப்படித்தான் இயங்குகிறது: கோப்புகளை வழங்கும் கருவியான சர்வர் தன் இருப்பை நெட்வொர்க் முழுவதும் அறிவிக்கும், டிவி அதைத் தானாகவே பட்டியலில் காட்டும், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொதுவாக எவரும் கேட்பதில்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது, ஆளுக்கொரு கணக்கு வைத்து, எந்தக் கணக்கிற்கு எந்தத் தொகுப்பு தெரியலாம் எனத் தீர்மானிக்க இடம் தரும் ஜெல்லிஃபின் போன்ற சர்வர் மென்பொருளை. எம்பி (Emby) என்ற இன்னொரு சர்வர் மென்பொருளின் திறந்த மூலநிரலிலிருந்து 2018-இல் கிளைத்த இது இலவசம். கோப்பின் வடிவம் டிவிக்குப் புரிந்தால் பழைய மடிக்கணினியே சர்வராகப் போதும். புரியாதபோது ஓடும் வீடியோவை அந்தக் கணத்திலேயே மாற்றி அனுப்ப வேண்டியிருப்பதால், 4கே படங்களில் அந்த மடிக்கணினி திணறிவிடும். (படம் தடைபட்டால் உடனே கேபிள் இழுக்கச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: பல டிவிகளில் கேபிள் செருகும் லேன் துளை 100 மெகாபிட் வேகத்தைத் தாண்டாது, நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைவிட வேகமாக இருக்கும்.)

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும், முதன்மை நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்ட கெஸ்ட் வைஃபையைக் கொடுங்கள். வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டுமென்றால், ரூட்டரில் போர்ட்டை (வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை) திறந்து வைக்காமல், வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனிப் பாதை) வழியாக வாருங்கள். பழைய மீடியா பிளேயர் கருவிக்காக விண்டோஸில் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வசதியை மீண்டும் இயக்கச் சொன்னால், பிளேயரை மாற்றுவதே மேல். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

வேலை முடிந்து கிளம்பும் முன், கைப்பேசியில் உள்ள விஎல்சி செயலியில் உள்ளூர் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, என்னென்ன பெயர்கள் தெரிகின்றன என்று வீட்டுக்காரரையே பார்க்கச் சொல்வது என் வழக்கம். சென்ற ஆண்டின் அந்த வீட்டில் எதையும் மாற்றுவதற்கு முன்பும் ஒருமுறை திறந்து பார்த்தோம். அந்தப் பட்டியலில் மாடி வீட்டாரின் கணினியும் இருந்தது.