எலிக்குச் சுருங்கிய சிவப்புத் திட்டு

போன வாரம் ஓபியில் ஒருவர் உட்காரும் முன்பே செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. எலியின் மூளை ஸ்கேனில் ஒரு சிவப்புத் திட்டு. ஊசி போட்டதும் சுருங்கிக்கொண்டே போகிறது.

"அம்மாவுக்கு இதைப் போடலாமா டாக்டர்? ஒரு இடத்துல அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க."

அம்மா பக்கத்தில் சக்கர நாற்காலியில். ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதம். வலது கை மடியில் கிடந்தது.

அந்தச் சிவப்பு நாங்கள் பூசுவது. எம்ஆர்ஐ படம் கறுப்பு வெள்ளைதான். பாதிப்பு எங்கே என்று காட்டக் கணினியில் நிறம் கொடுப்பார்கள்; அதில் மோசடி ஏதுமில்லை. கவனிக்க வேண்டியது படத்துக்கு முன்னால் நடப்பதை.

எலிக்கு ஸ்ட்ரோக்கை வரவழைக்க வேண்டும். மயக்கம் கொடுத்து, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய இழை ஒன்றை மேலே தள்ளி, மூளைக்குப் போகும் குழாயை அடைப்பார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து இழையை உருவினால் ரத்தம் திரும்ப ஓடும். பிறகு தலை அசையாமல் பல்லையும் காதையும் பிடித்து நிறுத்தி, பெரும்பாலும் காந்த வலிமை 7 டெஸ்லாவோ அதற்கு மேலோ உள்ள மெஷினில் படம். நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் இருப்பது 1.5 அல்லது 3. எலி மூளை வெறும் 2 கிராம், அதனால் அவ்வளவு நுணுக்கம் தேவை. இதில் ஒரு வம்பு: மயக்கத்தில் எலியின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ச்சியே மூளையைக் காப்பாற்றும். சூட்டைச் சரியாகக் கவனிக்காவிட்டால், குளிர் செய்த வேலைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்ளும்.

"ஊசி எப்ப போட்டாங்கன்னு இருக்கா பாருங்க" என்றேன். வீடியோவை நிறுத்திப் பார்த்தார். அடைத்த அரை மணி நேரத்தில். அவர் அம்மாவோ, கை மரத்துவிட்டது, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்து, மதியம் ஜிஎஸ்டி ரோடு நெரிசலையும் தாண்டி வந்து சேர ஏழு மணி நேரம். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். வயது 66, இருபது வருடச் சர்க்கரை. சோதனைக்கு எடுக்கும் எலி பெரும்பாலும் இளசு. சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை.

என்எக்ஸ்ஒய்-059 என்றொரு மருந்து எலியிலும் மார்மோசெட் குரங்கிலும் நன்றாக வேலை செய்தது. 2006-இல் வந்த முதல் பெரிய மனிதச் சோதனையில்கூட ஒரு கீற்று நம்பிக்கை தெரிந்தது. அடுத்த வருடம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலனே இல்லை. ஸ்ட்ரோக்குக்காக ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்த்த சிகிச்சைகளை 2006-இல் எண்ணியபோது 1,026 வந்தது. மூளையைக் காக்கும் மருந்து என்று வார்டில் நான் நம்பிக் கொடுக்க அதில் எதுவும் தேறவில்லை.

அதற்காக விலங்கு ஆராய்ச்சியே வீண் என்றால் நான் நன்றி கெட்டவன். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்ட்ரோக் நோயாளி வந்தால் நான் தேடுகிற டிஃப்யூஷன் என்ற எம்ஆர்ஐ படம், 1990-இல் பூனைகளிடம் பரிசோதித்தது. சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாத முதல் மணி நேரத்திலேயே அதில் பாதிப்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதே வருடம்தான் குரங்குகளின் மூளைக்குள் ஒரு சின்னப் புள்ளியை முடக்கி, பார்கின்சன் நடுக்கம் குறைவதைக் காட்டினார்கள். இன்று மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சைக்கு அது ஒரு வேர். பார்க்கும் வித்தை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது, மருந்துதான் வழியிலேயே நின்றுவிடுகிறது.

அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்றேன். மனிதர்களிடம் நடக்கும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். பிசியோவை விடக்கூடாது. இன்னொரு முறை வாய் கோணினாலோ கை விழுந்தாலோ பேச்சு குழறினாலோ, படுக்க வைக்காமல் 108.

அம்மா இடது கையால் போனை வாங்கிப் பார்த்தார். வார்த்தை இன்னும் முழுதாக வராது.

"எலி... நடக்குதா?"

"நடந்துதும்மா" என்றேன். ஸ்கேனில் தெரிந்தது சரிதானா என்று பார்க்க, கடைசியில் எலியைக் கொன்று மூளையைச் சீவிச் சாயம் தோய்ப்பார்கள். அதைச் சொல்லவில்லை.