அச்சுக்குப் போகும் இணைய இணைப்புக்கு என்ன பெயர் வைப்பது?

விளம்பரத்தின் நிறத்துக்கும் வாசகத்துக்கும் கூட்டம் மேல் கூட்டமாகப் போடுவார்கள். இணைப்பு மட்டும் கோப்பு அச்சகத்துக்குப் போகிற அன்று மாலை, பிரவுசரிலிருந்து அப்படியே நகலெடுத்து அனுப்பப்படும். அச்சு விளம்பரங்களுக்கு இணைப்பும் க்யூஆர் குறியீடும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். வந்து சேரும் முகவரியில் டொமைன் எனும் தளப்பெயர், மூன்று அடுக்குப் பக்கப் பெயர், ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்று காட்டும் யுடிஎம் கண்காணிப்புக் குறிப்புகள் என்று நூறு எழுத்து சாதாரணமாக இருக்கும். "ஸ்கேன்தானே செய்யப்போகிறார்கள், நீளமாக இருந்தால் என்ன?" என்று கேட்பார்கள்.

முகவரியின் நீளம் க்யூஆரின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் தெரியும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பிறந்த இந்தக் குறியீட்டுக்கு 40 அளவுகள் உண்டு. மிகச் சிறியதில் ஒரு விளிம்பில் 21 கட்டம், மிகப் பெரியதில் 177. கறையோ கிழிசலோ பட்டாலும் படிக்க முடிவதற்கான பிழை திருத்த நிலையைப் பலரும் பயன்படுத்தும் 15 சதவீதத்தில் வைத்துக்கொள்வோம். 26 எழுத்துக்குள் அடங்கும் முகவரிக்கு 25க்கு 25 கட்டம் போதும். நூறு எழுத்துக்கு 41க்கு 41 தேவை. இரண்டையும் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் முதலாவதில் ஒரு கட்டம் 0.8 மில்லிமீட்டர், இரண்டாவதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மலிவுத் தாளில் மை சற்றுப் பரவினாலே பின்னது குழம்பிவிடும். அதைப் பழைய போனில், மங்கிய வெளிச்சத்தில், நின்றபடி ஸ்கேன் செய்பவர் இரண்டு முறை முயல்வார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அந்த 26இல் முகவரியின் தொடக்கத்திலுள்ள ஹெச்டிடிபிஎஸ்ஸும் அதன் முக்காற்புள்ளியும் சாய்கோடுகளும் எட்டைத் தின்றுவிடும். டொமைனுக்கும் பெயருக்குமாக மீதி 18. முழு முகவரியையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் குறியீடாக்கினால் அதே 25 கட்டத்தில் 38 எழுத்து வரை கொள்ளும், ஏனென்றால் பெரிய எழுத்துகளையும் எண்களையும் க்யூஆர் இன்னும் நெருக்கமாக அடுக்குகிறது. கேள்விக்குறியும் சமக்குறியும் அந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை. டொமைனில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பெயரில் இருக்கலாம். இரண்டையும் ஏற்கும்படி சர்வரை அமைத்த பிறகே இதைச் செய்யுங்கள். கண்காணிப்புக் குறிப்புகள் வேண்டுமென்றால், குறுகிய இணைப்பு திருப்பிவிடும் நீண்ட முகவரியில் அவற்றை வைத்துக்கொள்ளலாம். தாளில் அவற்றுக்கு வேலையே இல்லை.

அப்படியானால் முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவை ஒன்றில் ஏழெட்டு எழுத்துக் குவியல் வாங்கிவிடலாமே என்றால், நான் சம்மதிப்பதில்லை. ஸ்கேன் செய்ததும் பெரும்பாலான போன்கள் டொமைனைக் காட்டிவிட்டுத்தான் திறக்கின்றன. ஒட்டப்பட்ட போலிக் குறியீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர், புரியாத பெயரைப் பார்த்தால் விரலை எடுத்துவிடுவார், எடுக்கவும் வேண்டும். தவிர, அந்தச் சேவை உங்களுடையதல்ல. கூகுளே தன் சுருக்கச் சேவையில் புதிய இணைப்புகள் தருவதை 2019இல் நிறுத்திக்கொண்டது. லிபியாவின் நாட்டுக் குறியீட்டில் முடியும் ஒரு சுருக்க டொமைனை 2010இல் அந்நாட்டு டொமைன் பதிவகம் பறித்துக்கொண்டது. சொந்த டொமைன், ஒரு சாய்கோடு, பொருள் விளங்கும் ஒரு சொல்: அது போதும்.

எந்தச் சொல்? தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திரும்பக் கேட்காமல் தட்டச்சு செய்தால் நல்ல பெயர். சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று ஆகிய மூன்றும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி நிற்கும். ஓவும் பூஜ்யமும் அப்படியே. அடிக்கோடு, இணைப்பின் கீழே போடும் கோட்டில் மறைந்துபோகும். நடுக்கோடு அவசியமென்றால் ஒன்று. ஆண்டைச் சேர்க்காதீர்கள்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிக்கல் கூடுகிறது. 'சலுகை'யில் ககரத்துக்கு ஒருவர் ஜி போடுவார், இன்னொருவர் கே போடுவார். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். மக்கள் எழுதக்கூடிய எல்லா வடிவங்களையும் உருவாக்கி ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். அதற்குத் தனிச் செலவில்லை. தமிழ் எழுத்திலேயே வைத்தால் முகவரிப் பட்டையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளின் வரிசையாக விரியும். எழுத்துக்கும் உயிர்மெய்க் குறிக்கும் தனித்தனியே ஒன்பது இடம் வீதம், 'சலுகை' என்ற மூன்றெழுத்து 45 இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்படி வந்த குறியீடுகளைப் பார்த்தால் எறும்புப் புற்று போலிருக்கும்.

திருப்பிவிடும்போது 302 என்ற தற்காலிக வகையைக் கேட்டு வாங்குங்கள். 301 நிரந்தரமானது, பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்வதால், பிறகு பக்கத்தை மாற்றினாலும் ஏற்கெனவே வந்தவர்கள் பழைய இடத்துக்கே போகக்கூடும்.

விளம்பரம் முடிந்த பிறகும் தாள் எங்கேயாவது கிடக்கும். ஜெர்மனியில் ஹெய்ன்ஸ் கெட்சப் பாட்டிலில் ஒரு போட்டிக்காக அச்சிட்ட க்யூஆர், 2015இல் ஸ்கேன் செய்த வாடிக்கையாளரை ஆபாசத் தளத்துக்குக் கொண்டுபோனது. போட்டி முடிந்ததும் டொமைனைப் புதுப்பிக்கவில்லை. வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி டொமைன் வாங்குவதை நான் எதிர்ப்பதற்கு இதுவே காரணம். இருக்கிற டொமைனைப் பற்றியும் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: புதுப்பிப்பு அறிவிப்பு யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது, அவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா?